பத்து நிமிஷத்தில் கறுக்கும் திரை

கறுத்துவிட்டது. நான் தொடவே இல்லை. காப்பி டம்ளரோடு உட்காரப் போகிறேன், முழுசாக உட்காரக்கூட இல்லை, முழங்கால் பாதிதான் மடங்கியிருக்கிறது, அதற்குள் அத்தனை வெள்ளை எழுத்தும் ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. கரண்டா? மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. பின்னே என்ன? கொஞ்சம் முன்னால் கோபத்தில் மேஜையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று துணியால் படார் படார் என்று அடித்தபோதுதான் இந்தத் திரையில் எழுத்து வந்தது. செவ்வாய்க்கிழமை நான் எழுதியது, ஒரு வரி குறையாமல். அடடே இன்னும் இருக்கிறதே என்று நின்றபடி வாசித்தேன், வாசித்ததில் கோபம் இன்னும் கொஞ்சம் கூடிற்று, காப்பி போடப் போனேன், பால் காய்ந்து பொங்கி டம்ளரில் ஊற்றி வருவதற்குள் மறுபடி கறுப்பு. விரலை நீட்டிக் கீபோர்டின் ஓரத்துக் கட்டையை லேசாகத் தட்டினேன். வந்துவிட்டது. அப்படியே, எல்லாம். அப்படியானால் செவ்வாய்க்கிழமையிலிருந்து இது இங்கேதான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த ரெண்டு நாளும் கறுப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கரண்டு மிச்சம் பிடிக்கிறேன் என்று அவர்தான் அணைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் நான் அணைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். ஒருத்தரை ஒருத்தர் சிக்கனக்காரர் என்று மெச்சிக்கொண்டு இருந்திருக்கிறோம். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து பார்த்தாரே, அப்போது இவர் பார்த்தது எதை? காப்பி ஆடை கட்டிவிட்டது. கட்டட்டும்.

நிதானமாக யோசி, செண்பகவல்லி. மைதானத்தில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள் நீ. பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருஷம் பி.டி. டீச்சர். "ஏ, லைன்ல நில்லுட்டி" என்று நான் ஒரு சத்தம் கொடுத்தால் மைதானத்துக்கு வெளியே பதநீர் விற்கிறவர்கூட நேராக நிற்பார் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தச் சத்தம்தான் தொண்டைக்குள் காய்ப்புக் காய்த்துப்போய், இரண்டு வாரம் முன்னால் கத்தி வைத்து எடுத்தார்கள். பதினாலு நாள் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். ரகசியமாகப் பேசலாமா என்று சைகையில் கேட்டேன், அது அதைவிட மோசம் அம்மா என்றார். விசில்? அதுவும் கூடாது. இன்றைக்குப் பதினாலாவது நாள், பதினொரு மணிக்குப் போய்க் காட்ட வேண்டும். பேச முடியாதவளுக்கு எழுதிக்காட்டத் தெரியாதா என்றால், யாரிடம் எழுதிக்காட்ட? கோமதிநாயகத்திடமா? என் புருஷன், அச்சாபீசில் முப்பது வருஷம் பிழை திருத்தினவர், ஒற்று விட்டுப்போனால் சோறு இறங்காது, அந்த மனிதருக்குக் கண்ணில் நடுப்பகுதி மட்டும் மூன்று வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஓரம் தெரியும், நடு தெரியாது. "உன் கம்மல் தெரியுது, கொண்டை தெரியுது, மூஞ்சியத்தான் காணோம்" என்பார். பேப்பரில் எழுதினால் தெரியாது. சிலேட்டில் எழுதிப் பார்த்தோம், சுண்ணாம்பு மாதிரி மங்கலா இருக்கு என்றார். எழுத்து ஒளிவிட வேண்டும், கறுப்பில் வெள்ளையாக, கத்திரிக்காய் பருமனுக்கு. எங்கள் மகள் ஆவுடை பெங்களூரிலிருந்து வந்தபோது அவளுடைய பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். படம் கிடம் ஒன்றும் வராது, வெறும் கறுப்புத் திரை, எழுத்து மட்டும். அதைக் கன்சோல் என்றாள். ஒரு வரிக்கு முப்பது எழுத்துக்குமேல் கொள்ளாதபடி பெரிசாக்கிக் கொடுத்தாள். "அம்மா, நீ எழுத வேண்டியதுதான், சேமிக்க வேண்டாம் கொள்ள வேண்டாம், சிலேட்டு மாதிரி." தமிழ் வராது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுத வேண்டும். முதல் நாள் கல்லுப்பு வாங்கி வாங்க என்று எழுதப் போய், கல்லு என்றதோடு அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன். அவர் அதைக் கள்ளு என்று வாசித்துவிட்டு வாசல்வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "டீச்சர், பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்" என்றார். சிரிக்கக்கூட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுத எழுத அவர் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் வாசிப்பார். வாசித்துவிட்டு முதலில் பிழையைச் சொல்வார், அப்புறம்தான் பதில். நான் பேசாத இந்த நாட்களில் அவர் எவ்வளவு பேசினார்! கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக இடம் கிடைக்காமல் இருந்திருக்கிறது பாவம். சின்ன வயசில் தாமிரபரணியில் முங்கு நீச்சல் அடித்தது, அச்சாபீசில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர் மாறிப்போனது, எல்லாம். செவ்வாய்க்கிழமையோடு அது நின்றுபோயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்: "மதுரைக்குப் போகட்டுமா செண்பகம்? நீ என்ன சொல்லுத?" மதுரையில் பார்வை குறைந்தவர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டு மாசம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், கோல் வைத்து நடக்க, தனியே பஸ் ஏற, காதால் கேட்டு கம்ப்யூட்டரில் வேலை செய்ய. ஆவுடை ஒரு வருஷமாகப் போ போ என்று நச்சரித்து, அவள் நச்சரித்ததாலேயே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். இப்போது தானாகக் கேட்கிறார், அதுவும் என்னிடம். இட்லித் தட்டோடு நான் என்ன பதில் சொல்ல? எழுதி வைக்கிறேன் என்று விரலால் காற்றில் தட்டிக் காட்டினேன். சாயங்காலம் அவர் நடக்கப் போனபோது உட்கார்ந்து எழுதினேன், முக்கால் மணி நேரம். எழுதிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். நான் இறங்கி வரும்போது அவர் இந்த நாற்காலியில் இருந்தார், முதுகு மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் இருந்தார். அப்புறம் "சரி" என்றார். எனக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை. எழுந்துபோய் முகம் கழுவினார், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, இவ்வளவு தண்ணி எதற்கு என்றுகூட நினைத்தேன். சரி என்றால் சரிதானே, வாசித்துவிட்டார், ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்குக் காலையில் தோசைக்கு நடுவே, "மதுரைக்கு வரலைன்னு சொல்லிரலாம்னு பாக்கேன். பன்னெண்டு மணிக்குள்ள போன்ல சொல்லணுமாம். லைப்ரரிக்குப் போய்ட்டு வந்து சொல்லிருதேன்" என்று சொல்லிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். நான் தோசைக்கரண்டியோடு நிற்கிறேன். முக்கால் மணி நேரம் எழுதினேனே, அதற்கு மதிப்பு இவ்வளவுதானா? அந்தக் கோபத்தில்தான் மேஜையை அடித்தேன். இப்போது என்னடா என்றால் மனிதர் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. கறுப்பைப் பார்த்துவிட்டு, இவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, போவது இவளுக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டு சரி என்றிருக்கிறார். அந்தச் சரி.

மணி ஒன்பதரை. பத்தே காலுக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். அவர் திரும்புவது பத்தே முக்காலுக்கு, அதில் மாற்றமே கிடையாது, வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு போனை எடுத்துவிடுவார். நான் அப்போது டாக்டர் வீட்டு பெஞ்சில் இருப்பேன். லைப்ரரிக்கே ஓடிப்போனால்? போய்? வாயைத் திறக்க முடியாது, எழுதிக் காட்டினால் அவருக்குத் தெரியாது. அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிற சிநேகிதரிடம் சீட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லவா? எனக்கும் அவருக்கும் நடுவில் இருப்பதை இன்னொரு ஆள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் வாசிப்பதா. ஆவுடையை விட்டுச் சொல்லச் சொன்னால், "அம்மையும் மகளும் பேசி வச்சிக்கிட்டு என்னைய அனுப்பப் பாக்கியளா" என்பார், கதை முடிந்தது. அவர் இந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டும், உட்காரும்போது எழுத்து எரிந்துகொண்டிருக்க வேண்டும், வேறு வழி இல்லை. நான் இங்கே இல்லாமல் இது அரை மணி நேரம் கறுக்காமல் நிற்க வேண்டும். போனை எடுத்து ஆவுடைக்கு எழுதினேன்: திரை தானாகக் கறுத்துப் போகிறது, கறுக்காமல் நிறுத்த வேண்டும், உடனே. ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்துவிட்டது. "அம்மா, பேசாத! ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. பத்து நிமிஷம் யாரும் தொடலைன்னா கறுக்குதா?" பக்கத்தில் கிடந்த ஸ்பூனை எடுத்து ஒரு தட்டு. "ஐயோ, அத நான் மாத்தாமலே வந்திட்டேன் பாரு, என் தப்புதான். தொட்டா எழுத்து திரும்ப வருதா?" ஒரு தட்டு. "அப்ப பயமே இல்ல, மிஷின் நல்லாத்தான் இருக்கு. கண்ட்ரோலை அமுக்கிட்டு சி தட்டு. தட்டிட்டியா? இப்ப நான் சொல்லச் சொல்ல அடி. எஸ், இ, டி, டி, இ, ஆர், எம். இடம் விடு. ஒரு சின்னக் கோடு. ஒட்டினாப்ல பி, எல், ஏ, என், கே. இடம் விடு. ஜீரோ. எண்டர்." அடித்தேன். இங்கிலீஷில் என்னமோ கோபமாக ஒரு வரி வந்தது. இரண்டு தட்டு, பலமாக. "என்ன வையுதா? ஜீரோ அடிச்சியா, ஓ அடிச்சியா?" குனிந்து பார்த்தேன். ஓ. இருபத்தாறு வருஷம் ஸ்கோர் போர்டில் ஜீரோ போட்டவள். திரும்ப அடித்தேன். இந்தத் தடவை ஒன்றுமே வரவில்லை, அடுத்த வரியில் போய் அந்தச் சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று துடித்தது. மூன்று தட்டினேன், மூன்றுக்கு அர்த்தம் இல்லை, இருந்தாலும். ஆவுடை சிரித்தாள். "ஒண்ணும் சொல்லலைன்னா சரியாயிட்டுன்னு அர்த்தம்மா. தப்புன்னாத்தான் அது பேசும். இனிமே கறுக்காது. ஆமா, அப்படி என்னத்த எழுதி வச்சிருக்க?" இரண்டு தட்டு தட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

சொல்லிவிட்டாள், கறுக்காது என்று. ஆனால் பார்க்காமல் எப்படி நம்புவது? பத்து நிமிஷம் தொடாமல் இருந்து பார்த்துவிட வேண்டியதுதான். ஒன்பது நாற்பத்தெட்டு. கையை மடியில் வைத்துக்கொண்டேன். கோகோ ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும், எப்போது முதுகில் கை விழும் என்று. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கறுப்பதுபோலவே இருக்கிறது, கண்ணை மூடித் திறந்தால் இருக்கிறது. எழுதியதை முதலிலிருந்து வாசிக்கிறேன். நீங்க போங்க. அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறேன். போங்க. நான் சமாளித்துக்கொள்வேன். ஸ்வெட்டர் வேண்டாம், மதுரையில் குளிராது. மாத்திரை டப்பாவில் காலைக்கு ரப்பர் பேண்டு ஒன்று, ராத்திரிக்கு இரண்டு. காலையில் நடக்கத் தவறக் கூடாது, இடுப்பை இப்படி வைத்து, தோளை அப்படி வைத்து. பன்னிரண்டு வரி. கணக்காக ஒரு மாநில அளவிலான போட்டிக்கு டீமை அனுப்புகிற மாதிரி. இதில் நான் எங்கே இருக்கிறேன்? இரண்டு மாசம் இந்த வீட்டில், குரல் எப்படி வரும் என்றுகூடத் தெரியாமல், ஒருத்தியாக. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டால் உள்ளே யாரிடம் சைகை செய்வது. அங்கே போய், கோலைத் தட்டிக்கொண்டு தனியே நடக்கப் பழகி, என் கையைப் பிடிக்காமல் ரோட்டைக் கடந்து, அட, இவள் இல்லாமலும் நடக்கிறதே என்று தோன்றிவிட்டால்? தோன்றட்டுமே. தோன்றத்தானே அனுப்புகிறோம். ஆனால் தோன்றிவிட்டால்? அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது: போகாமலே இருந்து, மிச்சமிருக்கிற ஓரமும் மங்கி, என் முழங்கையே ஊர் என்று ஆகி, நான் ஒருநாள் வழுக்கி விழுந்தால்? இரண்டு பக்கமும் பயம்தான், அந்தப் பயத்தில் ஒரு வரிகூட இந்தப் பன்னிரண்டில் கிடையாது. ஒன்பது ஐம்பத்தாறு. அவருடைய விரல் ஞாபகம் வருகிறது, பிழை திருத்தித் திருத்தி நடுவிரல் ஓரத்தில் மை ஏறிய தழும்பு, பெண் பார்க்க வந்தபோது நான் அதைத்தான் பார்த்தேன், முகத்தை அப்புறம்தான். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, நீங்க வாலிபால்ல எந்த இடத்துல நிப்பீங்க. வலைக்குப் பக்கத்தில் என்றேன். நல்லது, நான் பின்னால நின்னுக்கிடுதேன் என்றார். எங்கள் அப்பா ஒன்றும் விளங்காமல் விழித்தார். ஒன்பது ஐம்பத்தெட்டு. கறுக்கவில்லை. ஒன்பது ஐம்பத்தொன்பது. கறுக்கவில்லை! பத்து மணி, பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது, எழுத்து அத்தனையும் ஜம்மென்று நிற்கிறது. எழுந்து கையைத் தூக்கிவிட்டேன், கால்பந்தில் கோல் போட்டவள் மாதிரி, சத்தம்தான் இல்லை. தூக்கிய கை தூக்கியபடி இருக்க, மேலே மின்விசிறி ஒரு முனகல் முனகி நின்றது. பச்சை விளக்கும் போயிற்று. கரண்டு கட்.

நான் கெட்ட வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. பேச முடியாததும் நல்லதுக்குத்தான். தெருவில் பக்கத்து வீட்டு அம்மாள் யாரிடமோ, "லைன்ல வேல பாக்காங்களாம், அஞ்சு நிமிஷத்துல வந்திரும்" என்கிறாள். அஞ்சு நிமிஷம் என்றால் அவர்கள் அஞ்சு நிமிஷமா, நம் அஞ்சு நிமிஷமா? சேலையை மாற்றிக்கொண்டேன். டாக்டர் சீட்டைப் பையில் வைத்தேன். தலையை இரண்டு தடவை சீவினேன். பத்து ஏழுக்கு மின்விசிறி சுற்றியது. ஓடிவந்து பெட்டியின் பொத்தானை அமுக்கினேன், வரி வரியாக என்னென்னமோ ஓடி, கடைசியில் வெறும் கறுப்பில் அந்தச் சின்னக் கோடு மட்டும் வந்து நின்று துடித்தது. பன்னிரண்டு வரியும் போய்விட்டது. ரெண்டு நாளாகத் திரைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது, ஒரு கரண்டு கட்டில் சுத்தமாகத் துடைத்துவிட்டது. சிலேட்டு மாதிரி என்று அவள் சொன்னாளே, சிலேட்டேதான். சொன்ன கட்டளையும் மறந்திருக்குமோ? ஆவுடைக்கு எழுதினேன், கரண்டு போய் வந்தது. உடனே பதில்: மறந்திருக்கும், திரும்ப அடி, ஞாயிற்றுக்கிழமை வந்து அது ஆன் ஆகும்போதே மறக்காதபடி பண்ணிவிடுகிறேன். அடித்தேன். எஸ், இ, டி, டி. ஜீரோவை ஜீரோவாகவே அடித்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. இப்போது எழுது. பத்து பத்து. பன்னிரண்டு வரிக்கு நேரம் இல்லை, பன்னிரண்டு வரி வேண்டியதும் இல்லை. நீங்க போங்க என்று விரல் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி அதைப் பார்த்தேன். கத்திரிக்காய் பருமனில், கறுப்பில் வெள்ளையாக, போங்க. ஐயையோ. வீட்டைவிட்டு வெளியே போகிறவரிடம் யாராவது போங்க என்று சொல்வார்களா? பால்காரரிடம்கூடச் சொல்ல மாட்டோமே. செவ்வாய்க்கிழமை இதை இவர் வாசித்திருந்தால்? கறுத்ததும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. அழித்தேன். எழுத்து எழுத்தாக அழிந்து கோடு ஓரத்துக்கு வந்தது. எனக்குப் பயமா இருக்கு, என்று எழுதினேன். இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை, பிரசவ ஆஸ்பத்திரியில்கூட. உங்களுக்கும் இருக்கும். போயிட்டு வாங்க. அவ்வளவுதான். மூன்று வரி. வெளியே ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. ஒரு பிழை இருக்கிற மாதிரி இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை, திருத்திக்கொள்வார், அவர் வேலை அதுதானே. மேஜையிலிருந்த துணியைத் தூர வைத்தேன், காற்றில் விழுந்து கட்டையைத் தட்டினால்கூட என்ன, தட்டினால் ஒரு இடம் விழும், விழட்டும். கதவைப் பூட்டிச் சாவியை அவர் கைக்கு எட்டுகிற மாடத்தில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஆட்டோ போகிறது, நான் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறேன். பத்து முப்பத்தி நாலு. திரை எரிகிறதா? இந்தத் தடவை சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம் என்றாளே, எல்லாரும் அதையே சொல்லித்தான் இப்படி ஆகியிருக்கிறது. சமாதானபுரம் முக்கில் சிக்னல் விழ, பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த ஒரு பெண், "டீச்சர்!" என்று கத்தினாள், "நான் மல்லிகா, டிஸ்கஸ் த்ரோ!" பின்னால் ஒரு குழந்தை. நான் ஒரு கையைப் பின்னால் வீசி வட்டு எறிகிற மாதிரி காட்டினேன், அவள் சிரித்தாள், சிக்னல் போட்டுவிட்டது. நல்ல கை அவளுக்கு. பத்து நாற்பத்தாறு, தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். டாக்டர் வீட்டு பெஞ்சில் எனக்கு முன்னால் நாலு பேர். சுவரில் தொண்டையைக் குறுக்கே வெட்டின படம், பாதி சீவின பப்பாளிபோல. பதினொன்று ஐந்து, போனை எடுத்திருப்பாரா, மதுரைக்கா, வரவில்லை என்று சொல்ல வாயெடுத்திருப்பாரா. என் போனை வெளியே எடுத்து மடியில் வைத்தேன், உள்ளே வைத்தேன், எடுத்தேன். என்னத்துக்கு? இந்தப் பதினாலு நாளில் அவர் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை, பதில் சொல்லாத ஆளை யார் கூப்பிடுவார்கள்? பதினொன்றரைக்கு என் பேரைச் சொன்னார்கள். டாக்டர் ஒரு குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். "நல்லா ஆறியிருக்கு. எங்க, மெதுவா, ஈ சொல்லுங்க." பதினாலு நாள் கழித்து. எதுவும் வராவிட்டால்? வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது. "பயப்படாதீங்கம்மா, கத்த வேண்டாம், பக்கத்துல இருக்கவங்க கிட்ட சொல்லுத மாதிரி." பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் எப்போது அப்படிச் சொல்லியிருக்கிறேன்? ஈ. வந்தது. மெல்லிசாக, வழவழவென்று, யாரோ பதினைந்து வயசுப் பெண் எனக்குப் பின்னால் நின்று சொன்னதுபோல. திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றிற்று. "இன்னைக்கு அஞ்சு நிமிஷம் பேசலாம், நாளைக்குப் பத்து. மைதானத்துல கத்துறதெல்லாம் இனி மைக் வச்சுத்தான்" என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அப்போதுதான் போன் அடித்தது. அவர் பேர்.

காதில் வைத்தேன். "ஹலோ, நாந்தான். நீ பேசாத, டாக்டர் வைவார். கேட்டுக்கிட்டு மட்டும் இரு." மூச்சு வாங்குகிறார், நின்றுகொண்டு பேசுகிறார் போலிருக்கிறது. "வாசிச்சேன். நாலு மட்டம் வாசிச்சேன். பயமாங்கதுல ஒரு ஏ கொறையுது, பரவால்ல. மேல செட்டெர்ம் கிட்டெர்ம்னு என்னமோ இருக்கு, அது எனக்கு இல்லேன்னு நெனைக்கேன். மதுரைக்குப் பேசிட்டேன். திங்கக்கிழம காலைல வாரேன்னு சொல்லிட்டேன்." வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டேன். போதும், வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது, "செண்பகம்" என்றார், குரல் வேறாக இருந்தது. "செவ்வாக்கிழம வந்து உக்காந்து பாத்தேன். ஒண்ணுமே தெரியல. நீ எழுதி வச்சிருப்பன்னு தெரியும், எழுதுதேன்னு காட்டிட்டுப் போனியே. அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கேன், இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கேன், ஒரே கறுப்பு. சரி, அவ்வளவுதான், வெள்ளை எழுத்தும் போயிட்டுன்னு நெனச்சேன். கண்ணக் கழுவிக் கழுவிப் பாத்தேன். எழுத்தே தெரியாதவன் மதுரைக்குப் போயி என்னத்தப் படிக்கன்னுதான். ஒங்கிட்ட எப்படிச் சொல்ல? நீ சத்தம் போட்டு அழக்கூட முடியாதே இப்ப." குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் துணி மடித்துக்கொண்டு இருந்தேன், இவ்வளவு தண்ணி எதற்கு என்று நினைத்துக்கொண்டு. அவர் என்னைப் பற்றி ஒன்றும் தப்பாக நினைக்கவே இல்லை, நான் எழுதியிருப்பேன் என்பதில் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை, தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். ரெண்டு நாள். ரெண்டு ராத்திரி, பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல். "இப்ப வந்து கதவத் தொறக்கேன், வாசல்லயே தெரியுது, வெள்ளையா, பளிச்சுன்னு. செருப்பக்கூடக் கழத்தல" என்றார், சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. ம், என்றேன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது. "யாரு?" என்றார். "யாரும்மா அது? டீச்சர்கிட்ட போனைக் குடுங்க." எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அந்தச் சிரிப்பும் புதுசாக, சின்னதாக இருந்தது, மரத்தடியில் இருந்த ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "நாந்தாங்க" என்றேன். நம் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது, கடகடவென்று. "இன்னொரு மட்டம் சொல்லு" என்றார். என்ன சொல்ல? இன்றைக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது, அதில் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. "நான் வாரேன்" என்றேன். "மெதுவா வா" என்றார். "இங்கன வெளிச்சமாத்தான் இருக்கு."